நிரப்பு படிவங்களில் எழுத்துரு வரையறைகள்: பெங்களூருச் சூழலை முன்வைத்து ஒரு திறனாய்வு

0. கணினியில் நிரப்பத்தக்க பி.டி.எப். படிவம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்து வெளியிடும்போது ஒரு முரண் தலைகாட்டுகிறது. படிவத்தின் தலைப்பும் வினாக்களும் அடிக்குறிப்புகளும் பிழையின்றித் தமிழில் அமைந்துவிடுகின்றன. ஆனால் விடை எழுதவேண்டிய கட்டத்தில் தமிழை உள்ளிட்டால், பல படிப்பான்களில் அது வெற்றிடமாகவோ சதுரங்களின் வரிசையாகவோ கொம்பும் காலும் இடம்மாறிய உருக்குலைந்த சொல்லாகவோ வெளிப்படுகிறது. வினா தமிழில், விடை ரோமன் எழுத்தில் என்னும் நிலை இதனால் உருவாகிறது. மொழிபெயர்ப்பாளரின் பணி வினாவோடு முடிந்துவிடுவதால் இக்குறை அவர் கண்ணில் படுவதில்லை. படிவத்தை நிரப்புவோரே முதலில் இதனைக் காண்கின்றனர். அவர்களோ குற்றம் தம்முடைய கணினியில் இருப்பதாகவே பெரும்பாலும் எண்ணிக்கொள்கின்றனர்.

இது பொறியாளர் தீர்க்கவேண்டிய சிறு குறை என மொழியியலார் ஒதுக்கிவிடுவது வழக்கம். எழுத்து என்பது யாது, அதனை எண்ணுவது எங்ஙனம், ஒரு சொல்லின் உண்மை வடிவம் அதன் குறியீட்டில் உள்ளதா தோற்றத்தில் உள்ளதா என்னும் வினாக்களே இதனுள் அடங்கியிருத்தலின், ஒதுக்கிவிடுவது பொருந்தாது. இவ்வினாக்களை ஆராய்வதற்குப் பெங்களூரினும் தக்க களம் அரிது. 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டப்படி கன்னடம் இம்மாநிலத்தின் ஆட்சிமொழி. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் நகரில் பெருந்தொகையினர். அவர்களுள் ஒருவருக்குத் தமிழ்நாட்டில் பூர்வீக நிலம் இருப்பின், பட்டாவில் பெயர் தமிழில் இருக்கும். கருநாடக அரசின் ஆவணத்தில் கன்னடத்திலும், வங்கி ஏட்டில் ஆங்கிலத்திலும் இருக்கும். மூன்று எழுத்துமுறைகளில் எழுதப்பட்ட பெயர்கள் ஒருவருக்கே உரியவை என மெய்ப்பிக்கவேண்டிய பொறுப்பு அவருடையது. அதற்கான கருவியே படிவம்.

1. புலத்தின் இரு கூறுகள்

பி.டி.எப். வடிவத்தை அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்டது. அச்சுத்தாளின் தோற்றத்தை எந்தக் கணினியிலும் மாறாது காட்டுதலே அதன் முதல் நோக்கம். இந்நோக்கத்திற்கு ஏற்ப, பக்கத்தில் இடம்பெறுவது மொழியன்று. வரிவடிவங்களும் அவை நிற்கும் இடங்களுமே. 'கொடை' என்னும் சொல்லைத் தட்டெழுதும்போது, எழுத்துகளை எவ்வாறு அடுக்குவது, கொம்பை எங்கு வைப்பது என்பனவற்றை ஆவணத்தை உருவாக்கும் மென்பொருளே முடிவுசெய்துவிடுகிறது. பி.டி.எப். கோப்பு அம்முடிவை மட்டும் பதிந்துகொள்கிறது. படிவத்தின் வினாக்கள் செம்மையாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். அவை ஏற்கனவே கோத்து முடிக்கப்பட்ட அச்சுப்பக்கம் போன்றவை.

1996இல் வெளிவந்த 1.2ஆம் பதிப்பில் நிரப்பு புலங்கள் சேர்க்கப்பட்டன. இங்கே நிலைமை தலைகீழாகிறது. புலத்தில் என்ன எழுதப்படும் என்பதைப் படிவத்தை உருவாக்கியவர் முன்னறிய இயலாது. ஆகவே அச்சுக்கோக்கும் பணி படிப்பான் மென்பொருளிடம் விடப்படுகிறது. புலம் இரு கூறுகளைத் தாங்கிநிற்கிறது. ஒன்று மதிப்பு, அதாவது நிரப்புவோர் உள்ளிட்ட எழுத்துச்சரம். மற்றொன்று தோற்றம், அம்மதிப்பைக் கண்ணுக்குக் காட்டும் வரிவடிவத் தொகுதி. மதிப்பை யூனிகோடில் சேமிக்க வரையறை தொடக்கம் முதலே இடமளித்துள்ளது. தோற்றத்திற்கோ ஓர் எழுத்துருவின் பெயர், அளவு, நிறம் ஆகியவற்றைக் கூறும் சிறு கட்டளை மட்டுமே உண்டு. பெரும்பாலான படிவங்களில் அவ்வெழுத்துரு ஹெல்வெட்டிகா. படிப்பான்கள் கட்டாயமாக அறிந்திருக்கவேண்டிய 14 எழுத்துருக்களுள் அது ஒன்று. அப்பதினான்கில் இந்திய எழுத்து எதுவும் இல்லை.

எழுத்துருவின் பெயரை மாற்றிவிட்டால் போதும் என்னும் கருத்து பரவலாக உள்ளது. அது அரைகுறையானது. எளிய எழுத்துருவுக்குரிய குறியீட்டு அட்டவணை 256 இடங்களைக் கொண்டது. ஓர் இடத்திற்கு ஒரு வரிவடிவம். சீனம், சப்பானியம், கொரியம் ஆகியவற்றின் பல்லாயிரம் எழுத்துகளுக்காக விரிந்த அட்டவணைகள் வரையறையிலேயே முன்கூட்டி அமைக்கப்பட்டன. அங்கும் ஒரு குறியீட்டுக்கு ஒரு வடிவம் என்னும் அடிப்படை மாறவில்லை. வரையறையை வகுத்தோர் கண்முன் இருந்தவை இரண்டு: சில எழுத்துகளை உடைய இலத்தீனம், பல எழுத்துகளை உடைய கீழ்த்திசை மொழிகள். சில எழுத்துகள் ஒன்றோடொன்று கூடிப் பல வடிவங்களாகும் முறை இவ்விரண்டிலும் அடங்காது. யூனிகோடில் 'கொ' என்பது ககரமும் ஒகரக் குறியுமாகிய இரு குறியீடுகள். திரையில் அது கொம்பு, ககரம், கால் என மூன்று வடிவங்கள். அவற்றுள் முதலில் நிற்பது இரண்டாம் குறியீட்டின் பாதி. 'கு' என்பது இரு குறியீடுகள், ஆயின் ஒரே வடிவம். இவ்வுறவைக் கூறும் விதிகள் எழுத்துருக் கோப்பினுள் தனி அட்டவணைகளாக உள்ளன. எழுத்துருவை பி.டி.எப். கோப்பினுள் பொதியும்போது, பக்கத்தை வரைவதற்குத் தேவையில்லை என்று அவ்வட்டவணைகள் பெரும்பாலும் களையப்பட்டுவிடுகின்றன. போதாக்குறைக்கு, ஆவணத்தில் பயன்பட்ட வடிவங்களை மட்டும் பொதிந்து எஞ்சியவற்றை நீக்கும் வழக்கமும் உண்டு. வினாக்களில் 'ஞூ' வரவில்லையெனில் விடையிலும் அது வர இயலாது.

இவற்றின் விளைவு ஒன்று குறிப்பிடத்தக்கது. இணைய உலாவிகளில் உள்ள படிப்பான்கள் பல, புலத்தின்மீது தம் சொந்த உள்ளீட்டுப் பெட்டியைப் பரப்பிவைக்கின்றன. தட்டெழுதும்போது உலாவியின் எழுத்தமைவு நிரல் செயற்படுவதால் தமிழ் ஒழுங்காகவே தோன்றும். சேமிக்கும்போதும் அச்சிடும்போதும்தான் தோற்றக்கூறு புதிதாக உருவாக்கப்படுகிறது; குலைவதும் அப்போதுதான். நிரப்பியவர் சரியாகப் பார்த்து அனுப்பிய பெயரை அலுவலர் சிதைவாகப் பெறுகிறார். இருவரும் தாம் கண்டதையே கூறுவர். இருவர் கூற்றும் உண்மை.

2. இருநூற்றைம்பத்தாறு இடங்களில் தமிழ்

யூனிகோடுக்கு முற்பட்ட தமிழ்க் குறியீட்டு முறைகள் இச்சிக்கலை அறியா. 1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்துத் தமிழ்நாட்டரசு ஏற்ற டாம், டாப் என்னும் முறைகளும், அவற்றிற்கு இணையாக வழங்கிய டிஸ்கி முறையும் வரிவடிவங்களையே குறியீடாகக் கொண்டவை. கொம்பு தனி, ககரம் தனி, கால் தனி. கண் காணும் வரிசையே சேமிப்பு வரிசை. அச்சுக்கோப்பாளரின் அறைப்பெட்டியிலும் ஆர். முத்தையா வடிவமைத்த தட்டச்சுப்பொறியிலும் இருந்த ஒழுங்கே இவற்றில் தொடர்ந்தது. 1978இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றை ஒழுங்குபடுத்தியதால் தேவைப்படும் வடிவங்கள் மேலும் குறைந்திருந்தன. உகர ஊகார வரிசைகளையும் ஒழுங்குபடுத்தவேண்டும் என வா. செ. குழந்தைசாமி போன்றோர் வலியுறுத்தியது நிறைவேறவில்லை. ஆயினும் அவ்வரிசைகளின் வடிவங்களையும் சேர்த்துத் தமிழ் முழுவதும் 256 இடங்களுக்குள் அடங்கிற்று.

ஆகவே இத்தகைய பழைய எழுத்துரு ஒன்றைப் புலத்திற்குப் பொருத்தினால், எளிய அட்டவணையின் விதிகளுக்கு அது முற்றிலும் இயைந்து நிற்கும். தமிழ் செம்மையாகத் தோன்றும். தொழில்நுட்பம் முன்னேறியபின் வந்த யூனிகோடு தோற்கும் இடத்தில் பழைய முறை வெல்கிறது என்னும் இவ்வுண்மையைத் தமிழ்க் கணிமையாளர் சிலர் பெருமையோடு எடுத்துக்காட்டுவதுண்டு. இப்பெருமை நிலைக்காது. தோற்றம் தமிழாக இருக்க, மதிப்பு இலத்தீன எழுத்துகளும் குறிகளும் கலந்த பொருளற்ற சரமாகச் சேமிக்கப்படுகிறது. படிவத்தை அச்சிட்டுக் கோப்பில் தைப்பவருக்கு இது தடையன்று. படிவத்தின் மதிப்பைத் தரவுத்தளத்தில் ஏற்றுபவருக்கோ, அங்கே பெயரே இல்லை.

கன்னடத்தின் வரலாறும் இதனையே காட்டுகிறது. சேஷாத்ரிவாசு 1998இல் வெளியிட்ட பரஹ, கன்னட கணக பரிஷத்து உருவாக்கிக் கருநாடக அரசு தன் அலுவலகங்களுக்கு ஏற்ற நுடி ஆகிய மென்பொருள்கள் கன்னடத்தைக் கணினியில் பரவச்செய்தவை. கே. பி. ராவ் வகுத்த விசைப்பலகை ஒழுங்கை அடியாகக் கொண்ட நுடி, பெங்களூரு அலுவலகங்களின் அன்றாட எழுத்தை மாற்றியமைத்தது எனலாம். ஆயின் அவற்றின் பழைய எழுத்துருக்களும் இலத்தீன இடங்களில் கன்னட வடிவங்களை ஏற்றியவையே. அவற்றில் உருவாக்கிய பி.டி.எப். ஆவணத்திலிருந்து ஒரு பத்தியைப் படியெடுத்து மொழிபெயர்ப்பு நினைவகத்தில் இட்டால் கன்னடம் மறைந்து ஆங்கில எழுத்துகளின் குவியல் கிடைக்கும். யூனிகோடு எழுத்துருவில் அமைந்த தமிழ் ஆவணமும் இவ்வகையில் முழுப் பாதுகாப்புடையதன்று. வரிவடிவங்கள் நிற்கும் வரிசையிலேயே படியெடுக்கும் மென்பொருளில் 'கொடை' என்பது கொம்பு, ககரம், கால், ஐகாரக் குறி, டகரம் எனச் சிதறி வருவதை மொழிபெயர்ப்பாளர் பலரும் கண்டிருப்பர். பக்கத்தின் ஒவ்வொரு தொடருக்கும் உண்மையான எழுத்துச்சரத்தை உடன்பொதியும் வழி வரையறையில் உண்டு. படிவம் செய்வோர் அதனைக் கையாள்வது அரிது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏ. ஜி. இராமகிருட்டிணனின் ஆய்வகம் தமிழுக்கும் கன்னடத்திற்கும் எழுத்துணரிகளை உருவாக்கியுள்ளது. பழைய அச்சு நூல்களை மீட்பதற்கு எழுத்துணரி இன்றியமையாதது. கணினியிலேயே பிறந்த ஆவணத்தையும் படமாக்கி எழுத்துணரிக்கு உட்படுத்தினாலன்றி அதன் சொற்களைப் பெற இயலாது என்னும் நிலையைத்தான் எவ்வாறு விளக்குவது?

3. எண்ணப்படும் எழுத்து

தோற்றம் குலைவது கண்ணுக்குத் தெரியும். எண்ணிக்கை பிழைப்பது தெரிவதில்லை. புலத்தில் எத்தனை எழுத்துகள் இடம்பெறலாம் என்று வரம்பு விதிக்கும் வசதி வரையறையில் உள்ளது. அவ்வெண்ணிக்கைக்கு ஏற்பப் புலத்தைச் சமகட்டங்களாகப் பிரித்து, கட்டத்திற்கு ஓர் எழுத்து எனக் காட்டும் சீப்பு அமைப்பு 2003இல் வந்த 1.5ஆம் பதிப்பில் சேர்ந்தது. காகிதப் படிவங்களில் பெயருக்கென வரிசையாக அமைக்கப்படும் கட்டங்களின் மின்வடிவம் இது.

'தமிழ்ச்செல்வி' என்னும் பெயரை எடுத்துக்கொள்ளலாம். தமிழறிந்த எவரும் இதில் ஏழு எழுத்துகள் எனக் கூறுவர்: த, மி, ழ், ச், செ, ல், வி. கணினி எண்ணுவது யூனிகோடுக் குறியீடுகளை, அவை பதின்மூன்று. பன்னிரண்டு கட்டங்கள் உள்ள புலத்தில் இறுதி இகரக் குறிக்கு இடமில்லை; பெயர் 'தமிழ்ச்செல்வ' என நிற்கும். ரோமன் எழுத்தில் பத்தோ பதினொன்றோ கட்டங்களில் அடங்கிவிடும் பெயர், தன் சொந்த எழுத்தில் ஏழே எழுத்துடையதாயினும் பன்னிரண்டு கட்டங்களில் அடங்கவில்லை. கட்டத்திற்கு ஒரு குறியீடு என்று பகுக்கப்படுவதால், புள்ளி தனிக் கட்டத்தில் நிற்கும். சில மென்பொருள்கள் ஆதரவற்ற குறியைத் தாங்க ஒரு புள்ளிவட்டத்தையும் சேர்த்துவிடும்.

நகரின் பெயரையே எண்ணிப்பார்க்கலாம். 'பெங்களூரு' தமிழில் ஐந்து எழுத்து, ஒன்பது குறியீடு. கன்னடத்தில் அனுசுவாரம் முன்னெழுத்தோடு ஒன்றிவிடுவதால் நான்கு அட்சரம், எட்டுக் குறியீடு. தமிழில் மெய் தனித்து நின்று எண்ணப்படும். கன்னடத்தில் அது முன்னோ பின்னோ உள்ள உயிரோடு சேர்ந்தே எண்ணப்படும். இருமொழிப் படிவத்தில் இருமொழிப் புலங்களுக்கும் ஒரே கட்ட எண்ணிக்கையை விதிப்பவர் இவ்வேறுபாட்டை அறிந்திருப்பதில்லை. எழுத்தின் உயரமும் இவ்வாறே. ஹெல்வெட்டிகாவின் அளவைக்கொண்டு வகுத்த புலத்தில் தமிழின் 'ளூ', 'ஸ்ரீ' முதலியவற்றின் மேலும் கீழும் நறுக்கப்படுகின்றன. மெய்யின்கீழ் மெய் தொங்கும் கன்னட ஒத்தட்சரங்கள் அடியோடு மறைவதும் உண்டு.

யூனிகோடின் தமிழ்ப்பகுதி, தேவநாகரியை மனத்திற்கொண்டு அமைந்த இஸ்கி முறையைப் பின்பற்றியது. அகரமேறிய மெய்யை முதலாகவும் புள்ளியைச் சேர்க்கையாகவும் கொண்டது. தமிழ் இலக்கணம் மெய்யை முதலாகக் கொண்டு உயிரேறியதை உயிர்மெய் என்கிறது. எல்லாச் சிக்கலுக்கும் இம்முரணே வேர் எனத் தமிழறிஞர் சிலர் கூறுவர். இலக்கண நோக்கில் இக்குறை மறுக்கவியலாதது. எனினும், மெய்யும் உயிருமாகவே குறியீடுகளை வகுத்திருந்தாலும் 'கொ' இரு குறியீடுகளாகவே இருந்திருக்கும். அமைவு விதிகள் அப்போதும் தேவைப்பட்டிருக்கும். நிரப்பு புலத்தின் குறைக்கு இம்முரணைக் காரணமாகக் காட்டுவது பொருந்தாது.

4. தீர்வுகள் எனப்படுவன

தமிழ்நாட்டரசு 2010இல் வெளியிட்ட ஆணை, யூனிகோடைத் தரமாக ஏற்று, யூனிகோடு இயங்காத இடங்களில் டேஸ் 16 என்னும் முறையைப் பயன்படுத்தலாம் என்றது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு வழங்கும் முறை அது. நிரப்பு புலத்திற்கென்றே செய்தது போல் அது பொருந்துகிறது என்பதை ஒப்பத்தான் வேண்டும். அமைவு விதி வேண்டா. 'தமிழ்ச்செல்வி' ஏழே குறியீடு. கட்டத்திற்கு ஓர் எழுத்து. ஆனால் அக்குறியீடுகள் யூனிகோடில் எவர்க்கும் ஒதுக்கப்படாத தனிப்பயன் பகுதியில் உள்ளன. பெங்களூரில் உள்ள ஓர் அலுவலகக் கணினிக்கு அவை பொருளற்றவை. மேலும், 247 எழுத்துகளையும் சில கிரந்த வரிசைகளையும் பட்டியலிட்டு முடிக்கலாம் என்பது தமிழுக்கு வாய்த்த எளிமை. கன்னடத்தின் கூட்டெழுத்துகளை அங்ஙனம் பட்டியலிட்டுக் குறியீடு வழங்குவது நடைமுறைக்கு ஒவ்வாது. ஒரே படிவத்தில் தமிழும் கன்னடமும் அமையவேண்டிய நகரில், தமிழுக்கு மட்டும் ஆகும் தீர்வு தீர்வாகாது. இதனிடையே யூனிகோடு, தமிழ் மெய்களுக்கும் உயிர்மெய்களுக்கும் பெயரிட்ட தொடர்கள் என்னும் பட்டியலை வழங்கியுள்ளது. குறியீடு மாறாமலே 'கொ' ஓர் அலகு எனக் கணினி எண்ண இடமளிக்கும் இப்பட்டியலைப் படிவ மென்பொருள்கள் பயன்கொள்ளவில்லை.

முழு எழுத்துருவையும் அதன் விதி அட்டவணைகளோடு பொதிவது மற்றொரு வழி. தமிழ் எழுத்துருவில் உள்ளவை சில நூறு வடிவங்களே ஆதலின் கோப்பின் அளவு பெரிதாவதில்லை. உரிமம்தான் தடை. எழுத்துருவினுள் பதியப்பட்ட அனுமதிக் குறிப்பு, அச்சிடவும் காணவும் மட்டும் இசைவு தருவதாயின், நிரப்பத்தக்க புலத்தில் அதனைப் பொதிவது உரிமமீறல். லோகித், நோட்டோ போன்ற திறந்த உரிம எழுத்துருக்கள் வந்தபின் இத்தடை அகன்றது. எனினும் பொதியப்பட்ட விதிகளைப் படிப்பான் பயன்படுத்தியாக வேண்டும் என்னும் கட்டாயம் வரையறையில் இல்லை. 2008இல் பன்னாட்டுத் தரமாகி, 2017இல் 2.0ஆம் பதிப்பாகத் திருத்தப்பட்டபோதும் இவ்விடைவெளி நிரப்பப்படவில்லை. தோற்றத்தைப் படிப்பானே புதிதாக அமைக்கட்டும் என்று பணிக்கும் குறிப்பும் அப்பதிப்பில் கைவிடத்தக்கதாக அறிவிக்கப்பட்டது. மின்கையொப்பமிட்ட ஆவணத்தின் தோற்றம் பின்னர் மாறலாகாது என்பதை நோக்க, இம்முடிவு ஏற்புடையதே. ஆயின் தோற்றம் பிழையாக உறைந்துவிட்ட ஆவணத்தில் கையொப்பம் உறுதிசெய்வது அப்பிழையையும் சேர்த்தேயாகும்.

படிவத்தை இணையப்பக்கமாக மாற்றுவது மூன்றாம் வழி. உலாவிகளில் அமைவு நிரல் உள்ளமையால் எழுத்துக் குலைவு நீங்கும். நடுவண் அரசின் கம்பெனி விவகார அமைச்சகம் 2006இல் தொடங்கிய எம்.சி.ஏ. 21 திட்டம் நிரப்பத்தக்க பி.டி.எப். படிவங்களை நாடெங்கும் பழக்கியது. பின்னர் அதன் மூன்றாம் பதிப்பில் இணையப் படிவங்கள் இடம்பிடித்தன. ஆயினும் இணைப்பின்றி நிரப்பிக் கையொப்பமிட்டு அனுப்பவும் சான்றாகப் பேணவும் வல்ல ஆவணத்திற்கு இணையப்பக்கம் முழு மாற்றாகாது. இணையத்தில் நிரப்பியதையும் இறுதியில் பி.டி.எப். ஆகவே தருகின்றனர். அங்கே அதனை உருவாக்கும் நிரல் அமைவு விதிகளை அறியாததாயின் பழைய குலைவு புதிய வாயில் வழியே நுழையும்.

5. எழுத்துருவுக்கு அப்பால்

தோற்றமும் எண்ணிக்கையும் சீராயினும் எஞ்சும் சில பெயர்கள் உள. பெங்களூரில் தமிழர் மிகுந்து வாழும் பகுதிகளுள் ஸ்ரீராமபுரம் ஒன்று. இப்பெயரின் முதலெழுத்தை இருவகையாகக் குறியிடலாம். ஸகர மெய்யோடு ரீ சேர்ப்பது பழைய முறை. 2005இல் யூனிகோடின் 4.1ஆம் பதிப்பில் தமிழுக்கு ஶகரம் சேர்க்கப்பட்டபின், அதன் மெய்யோடு ரீ சேர்ப்பது மற்றொரு முறை. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத் தோன்றும். தோற்றத்தைக் கொண்டு இருபடிவங்களின் முகவரியும் ஒன்று என அலுவலர் கொள்வார். மதிப்பைக் கொண்டு கணினி வேறு எனக் கொள்ளும்.

'எழிலரசி' போன்ற பெயர்கள் கன்னடப் புலத்தில் எழுதப்படும்போது ழகரம் ளகரமாகிவிடுகிறது. இது கன்னடத்தின் ஏழ்மையன்று. பழங்கன்னடத்தில் ழகரம் வழங்கிற்று. அதன் வரிவடிவத்திற்கு யூனிகோடிலும் இடம் உண்டு. ஆனால் அவ்வெழுத்துக்கு அங்கே இடப்பட்ட ஆங்கிலப் பெயர் 'எப்' ஒலியைக் குறிப்பதாகத் தவறாக அமைந்துவிட்டது. இட்ட பெயரை மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் கொள்கை. எனவே சரியான பெயர் மாற்றுப்பெயராக மட்டும் பின்னர் இணைக்கப்பட்டது. எழுத்துருவில் அவ்வடிவம் இருந்து, புலம் அதனை ஏற்று, நிரப்புவோரும் அதனை அறிந்திருந்தால், பட்டாவில் உள்ள 'எழிலரசி' பெங்களூருப் படிவத்திலும் எழிலரசியாகவே நிற்க முடியும். இம்மூன்றுள் முதலிரண்டு எழுத்துரு வடிவமைப்பாளர், மென்பொருளார் கையில் உள்ளவை. மூன்றாவது, இருமொழிப் படிவத்தின் நிரப்பு குறிப்புகளை எழுதும் மொழிபெயர்ப்பாளர் கையில் உள்ளது.